அக்காவோட தைராய்டு பயாப்சி ரிப்போர்ட், தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம், எனக்கு ஊரு பாம்பன். எங்க அக்காவுக்கு 42 வயசு, கடல்ல பாசி எடுக்கப் போறவ, கழுத்துல கட்டி ரொம்ப நாளா இருந்துச்சு, வலியில்லன்னு விட்டுட்டா. ஊசி டெஸ்ட்ல ஃபாலிக்குலர் நியோபிளாசம் (தைராய்டு செல்லு பெருகி வர்ற கட்டி), பெதஸ்டா 4னு (ஊசி டெஸ்ட் முடிவ ஆறு வகையாப் பிரிக்கிறதுல நாலாவது) வந்துச்சு. சாதா கட்டியா கேன்சரான்னு ஊசில பிரிக்க முடியாது, கட்டிய எடுத்து அதோட உறையத் தாண்டி செல் போயிருக்கான்னு பாத்தாதான் தெரியும்னு டாக்டர் சொன்னாரு, அதான் ஒரு பக்க தைராய்ட எடுத்தாச்சு.

இப்ப அந்த எடுத்த பகுதியோட பயாப்சிலயும் உறை தாண்டினது சந்தேகம்னு போட்டு புரோட்டீன் மார்க்கர் (கேன்சரான்னு பிரிக்க உதவுற சில புரோட்டீன் செல்லுல இருக்கான்னு சாயம் போட்டுப் பாக்குறது) பாத்திருக்காங்க. காலெக்டின்-3 பாசிட்டிவ், சிகே-19 பாசிட்டிவ், எச்பிஎம்இ-1 மட்டும் அங்கங்க லேசா. காலெக்டின்-3 நல்ல தைராய்டு செல்லுல பொதுவா இருக்காது, பாப்பிலரிங்கற தைராய்டு கேன்சர்ல நெறைய இருக்கும், ஆனா ஹாஷிமோட்டோ (உடம்போட எதிர்ப்புச் சக்தியே தைராய்டத் தாக்குற நோய்) இருந்தாலும் அந்த எடத்துல வரலாம்னு படிச்சேன். அவளுக்கு ஹாஷிமோட்டோவும் இருக்கு, அதான் தூக்கமே வரல.

பெதாலஜி (திசுவ சோதிச்சு நோயக் கண்டுபிடிக்கிற துறை) தெரிஞ்சவங்க சொல்லுங்க, மூணையும் சேத்து எப்படிப் பாக்கணும்? பிராஃப் (BRAF) மரபணு மாறியிருக்கான்னு பாக்குற டெஸ்ட் இதுல உதவுமா? ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் (எடுத்த திசுவ மெழுகுல பதிச்சு வச்சது) லேப்ல கேட்டு வாங்கி மதுரைலயோ சென்னைலயோ இன்னொரு பெதாலஜிஸ்ட்ட காட்டணும், யாராவது அப்படி செஞ்சிருக்கீங்களா, காப்பீட்டு அட்டைல வருமா?

பாசி எடுத்ததாலதான் வந்துச்சுன்னு தெருவுல சொல்றத நம்பி அழுதுட்டே இருக்கா. அடுத்த வாரம் டாக்டரப் பாக்கணும், அதுக்குள்ள சொன்னீங்கன்னா புண்ணியமாப் போகும்.