ஞாயிறு சைக்கிள் சவாரி: டாமா, சைனா கேம்பா?

சுதா: பையனுக்குப் பிறந்தநாளைக்கு மவுண்டன் பைக் வாங்கிக் கொடுத்துவிட்டோம். இப்போது ஏரிக்கரைத் தார்ப்பாதையையே சுற்றிக்கொண்டு, காட்டுக்குள் எப்போது கூட்டிப் போவாய் என்று உயிரை எடுக்கிறான். ஞாயிறு மவுண்ட் டாம், அதாவது சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே இருக்கிற டமால்பயஸ் மலைக்குப் போகலாமா? யாராவது அங்கே ஓட்டியிருக்கிறீர்களா?

பாலா: டாம் வேண்டாம் சுதா. அந்த ஸ்டேட் பார்க்கில் சைக்கிளை விடுவது பெரும்பாலும் தீயணைப்பு வண்டி போகிற அகலமான மண்ரோட்டில்தான். அவன் கேட்பது மரங்களுக்கு நடுவே வளைந்து போகிற ஒற்றையடிப் பாதை. அதற்கு சான் ரஃபேல் பக்கம் சைனா கேம்ப் ஸ்டேட் பார்க் இருக்கிறது. கலிஃபோர்னியா ஸ்டேட் பார்க்குகளில் ஒற்றையடிப் பாதையை இவ்வளவு தாராளமாக சைக்கிளுக்குத் திறந்துவிட்ட இடம் குறைவு.

ராகவன் மாமா: மலை சைக்கிள் பிறந்ததே டாம் பக்கம்தான் என்று நீதானே ஒருநாள் சொன்னாய்?

பாலா: ஆமாம் மாமா, அதனால்தான் வயிற்றெரிச்சல். ரீபேக் என்ற மலை இறக்கப் பந்தயம் 1976 அக்டோபர் 21இல் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேலேதான் தொடங்கியது. குண்டு டயர் போட்ட பழைய ஷ்வின் கம்பெனி சைக்கிள்கள், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். ஏறக்குறைய 2 மைல் செங்குத்துச் சரிவு, கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கரத்து நடுக்குடத்தில் (ஹப்) இருந்த கிரீஸ் புகையாகிவிடும், பிரித்து மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம், அதனால்தான் ரீபேக் என்று பெயர். அங்கே ஓட்டிய ஜோ பிரீஸ் 1977இல் மலைக்கென்றே ஃபிரேம் செய்ய ஆரம்பித்தது இந்தக் கூத்தைப் பார்த்துத்தான்.

மீனா அக்கா: கதை அப்புறம். பிள்ளை விழாமல் வர வழி சொல்லுங்கள்.

அருண்: ஆன்ட்டி, முதலில் ஷோர்லைன் ட்ரெயில், விரிகுடாவை ஒட்டியே போகும், பெரிய ஏற்றம் கிடையாது. அது பழகிய பிறகு பே வியூ ட்ரெயில். டயரில் கடைக்காரர் கல் மாதிரி காற்றடித்துக் கொடுத்திருப்பார், கொஞ்சம் இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வேரில் ஏறும்போது துள்ளும். இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்தி, எழுந்து நின்று, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், ஒன்று கீழே தொங்கினால் கல்லில் இடிக்கும். பிரேக்குக்கு ஒவ்வொரு கையிலும் ஒரு விரல் போதும். பின்பிரேக்கைப் பூட்டிச் சறுக்கிக் காட்டுவது வேண்டவே வேண்டாம், பாதையை உழுதுவிடும்.

அருண்: நடந்து வருகிறவர்களுக்கும் குதிரைக்கும் நாம்தான் வழிவிட வேண்டும். குதிரை வந்தால் இறங்கி நின்று, மெதுவாக ஒரு குரல் கொடுக்கச் சொல்லுங்கள். பெல் கட்டாயம்.

சுதா: வெள்ளிக்கிழமை மழை என்கிறதே?

பாலா: நல்ல மழை பெய்தால் சைக்கிளுக்கும் குதிரைக்கும் பாதையை மூடிவிடுவார்கள், காலையில் பார்க் வலைப்பக்கத்தைப் பாருங்கள். மூடாவிட்டாலும், டயர் தடம் மண்ணில் பதிந்தால் திரும்பிவிடுங்கள். அந்தத் தடம் காய்ந்து இறுகிவிடும், அடுத்த மழைக்குத் தண்ணீர் அதிலேயே ஓடி வாய்க்காலாக்கிவிடும். சும்மா ஒழுக்கம் பேசவில்லை. மாநிலத்திடம் பணமில்லை என்று இந்தப் பார்க்கையே மூடப் பார்த்தார்கள், 2012இல் ஃபிரெண்ட்ஸ் ஆஃப் சைனா கேம்ப் என்ற உள்ளூர் அமைப்பு பொறுப்பேற்றதால் பிழைத்தது. நாம் கெடுத்துவிட்டுப் போனால் மண்வெட்டியோடு வருவது அந்தத் தொண்டர்கள்தான்.

ராகவன் மாமா: நாங்கள் இரண்டு பேரும் வந்தால் பொழுது போகுமா? சைக்கிள் எல்லாம் ஆகாது.

பாலா: தாராளமாக வாருங்கள் மாமா. கரையில் பழைய சீன மீனவர் கிராமம் இருக்கிறது. 1880களில் ஏறக்குறைய 500 பேர் இருந்தார்கள், பெரும்பாலும் தென்சீனாவின் கேன்டன் பக்கத்து ஆட்கள். இறால் பிடித்துக் காயவைத்து சீனாவுக்கு அனுப்பினார்கள். சின்ன மியூசியமும் படகுத்துறையும் உண்டு.

ராகவன் மாமா: கருவாட்டு ஊரா! மாமி இப்போதே மூக்கைப் பொத்துகிறாள்.

மீனா அக்கா: மாமி, இப்போது அங்கே வாசனை எதுவும் இல்லை. சுதா, பாய்சன் ஓக் என்கிற அரிப்புச் செடியின் இலையைப் பையனுக்குக் காட்டிவிடு, காம்புக்கு மூன்று இலை, பளபளப்பாக இருக்கும், வருடத்தில் சில மாதங்கள் சிவப்பாக இருக்கும். பாதை ஓரம் உரசினால் அதன் எண்ணெய் தோலில் ஒட்டி அரித்துத் தள்ளும். வீட்டுக்கு வந்ததும் பாத்திரம் தேய்க்கிற சோப்பால் கழுவச் சொல், சைக்கிள் ஹேண்டிலையும் துடை, எண்ணெய் அதிலும் இருக்கும். முழங்கால் பின்பக்கம் உண்ணி இருக்கிறதா என்றும் பார்.

சுதா: சரி அக்கா. மழை பெய்தால் அடுத்த ஞாயிறு, இல்லையென்றால் காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில்.

அருண்: ஸ்பேர் டியூப், பம்ப் என்னிடம் இருக்கிறது. ரிச்மண்ட் பாலத்தில் போகும்போதுதான் டோல், திரும்பும்போது கிடையாது.

மீனா அக்கா: புளிசாதம் நான் கட்டுகிறேன். யாரும் சிப்ஸ் மட்டும் கொண்டுவந்து நிற்காதீர்கள்.

பாலா: சுதா, நாய்க்குட்டியை விட்டுவிட்டு வாருங்கள், பாதையில் நாய்க்கு அனுமதி இல்லை.

சுதா: அதை அவனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் அண்ணா.