மலையாளப் பிரமாணத்தை (பத்திரத்தை) வெளியே அனுப்பாமல் தமிழாக்க வழி உண்டா?

தக்கலைக்காரி:
பத்திர எழுத்தர் ஒருவரிடம் வேலை பார்க்கிறேன். 1956 வரை நம் கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததால் பழைய பிரமாணம் பல மலையாளத்தில்தான் வரும். போன வாரம் அவசரத்தில் ஒருவருடைய பாகப் பிரமாணத்தை ஓர் இலவச மொழிபெயர்ப்புத் தளத்தில் ஏற்றிவிட்டேன். அதே பிடிஎஃப்பில் அவர் ஆதாரும் இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். அன்றிலிருந்து மனசே சரியில்லை. நிலக்கடன் விளம்பரமும் வருகிறது. இன்காக்னிட்டோவில்தானே செய்தேன், அது போதாதா? கணினிக்குள்ளேயே ஓடும் ஏஐ இதற்கு உதவுமா? எங்களுடையது 8 ஜிபி ராம்.

மார்த்தாண்டம் தம்பி:
அக்கா, இன்காக்னிட்டோ உங்கள் கணினியில் வரலாறு பதியாமல் பார்க்கும், அவ்வளவுதான். ஏற்றிய கோப்பு அந்தத் தளத்துக்குப் போனது போனதுதான். விளம்பரம் அதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது, நீங்கள் தேடிய சொற்களாலும் வரலாம். முதலில் அந்தத் தளத்துக்கு நீக்கச் சொல்லி எழுதுங்கள். ஆதார்காரரிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவைக்க வசதி இருக்கிறது. இனி நகல் கேட்கும்போது கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரே வாங்குங்கள்.

பிரௌசருக்கு நான் ஃபயர்ஃபாக்ஸைச் சொல்வேன். அமைப்பில் கண்காணிப்புத் தடுப்பைக் கடுமையான நிலைக்கு மாற்றி, யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியும் போடுங்கள். ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸிலும் அது ஓடும், ஆண்ட்ராய்டு குரோமில் போட வழியில்லை. ஃபயர்ஃபாக்ஸின் இணையப்பக்க மொழிபெயர்ப்பும் கணினிக்குள்ளேயே நடக்கிறது. ஆனால் ஸ்கேன் செய்த படத்துக்கு அது உதவாது.

அதற்கு ஏஐ மாடல்களைக் கணினிக்குள்ளேயே ஓட்டும் ஓல்லாமா என்ற மென்பொருளை நிறுவி, கூகுளின் ஜெம்மா 3-இல் 4பி என்ற சிறிய மாடலை இறக்குங்கள். 3 ஜிபிக்குச் சற்று மேல் வரும். 8 ஜிபியில் மெதுவாக ஓடும். பெயரில் கிளவுட் என்று இருக்கும் மாடலை மட்டும் எடுக்காதீர்கள், அது வெளியே உள்ள சர்வரில் ஓடுவது. சந்தேகம் வந்தால் வைஃபையை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள், பதில் வந்தால் உள்ளேயே ஓடுகிறது.

குழித்துறை அண்ணாச்சி:
தம்பி சொன்னது சரி. ஆனால் கையெழுத்துப் பிரமாணத்தைப் படமாகக் கொடுத்து அதை நம்பாதீர்கள். 1971-இல் கேரளத்தில் லிபி சீர்திருத்தம் வந்தது. அதற்கு முந்தைய கூட்டெழுத்தில் சின்ன மாடல் தடுமாறும். விளவங்கோடு பக்கம் மலையாளம் படித்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வாசிக்க நீங்கள் தட்டச்சு செய்து, அந்த எழுத்தைக் கொடுங்கள். பிரமாணத்தில் வரும் கொல்ல ஆண்டை (மலையாள ஆண்டை) நீங்களே ஆங்கில ஆண்டாக மாற்றுங்கள்: 1110 என்றால் 1934-35.

தக்கலைக்காரி:
ஆதார்காரரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். வருத்தப்பட்டார், கோபப்படவில்லை. பயோமெட்ரிக்கைப் பூட்டிவிட்டோம். அப்புறம் வைஃபையை அணைத்து, தட்டச்சு செய்த ஒரு பக்கத்தைக் கொடுத்தேன், தமிழ் வந்தது! ஒற்றியை (நிலத்தை அனுபவிக்கக் கொடுத்து வாங்கும் அடமானக் கடனை) குத்தகை என்று எழுதிவிட்டது, எல்லைகள் சரி. நாளை அடுத்த பக்கத்துக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டி வாசிக்க வருகிறார்.

குழித்துறை அண்ணாச்சி:
ஒற்றி, பாட்டம் (நிலத்துக்கான வாடகை), குத்தகை மூன்றையும் ஒவ்வொரு பக்கத்திலும் மூலத்தோடு ஒத்துப் பாருங்கள் அம்மா. அதில் பிசகினால் நிலமே கைமாறிவிடும்.