கெடிலக்கரை குடும்பம் குரூப்: 388-லேர்ந்து 231 வரைக்கும்

தம்பி வாங்கின ஒரு மருந்து கம்பெனி ஷேரைப் பத்தி எங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல பத்து நாளா நடந்த பேச்சு இது. எல்லார்கிட்டயும் கேட்டுட்டுத்தான் போடுறேன். பேருக்குப் பதிலா உறவுமுறைதான் இருக்கும். கம்பெனி பேரையும் எடுத்துட்டேன். யாரும் அதைத் தேடிப் போயி வாங்கவும் வேணாம், விக்கவும் வேணாம். நான் கடலூர் திருப்பாப்புலியூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். தம்பி பாண்டிச்சேரியில இருக்கான்.

வியாழன்

மாலை 4:05 தம்பி: (ஸ்கிரீன்ஷாட்)

4:05 தம்பி: எல்லாரும் பாருங்க. 210 ரூபாய்க்கு வாங்கின ஷேர் இன்னைக்கு 388ல குளோஸ் ஆயிருக்கு. 400 ஷேர். 71,200 ரூபா லாபம் 🙏

4:11 லாஸ்பேட்டை அத்தை: சூப்பர்டா கண்ணு! எத்தன மாசத்துல?

4:12 தம்பி: நாலரை மாசம் அத்தை

4:20 அம்மா: வித்துட்டியாப்பா?

4:21 தம்பி: இல்லம்மா. மூட்டுவாதத்துக்கு புது ஊசி கண்டுபிடிக்கிற கம்பெனி. மனுஷங்க மேல பண்ற மூணாம் கட்ட ட்ரையல் ரிசல்ட் எந்த நாளும் வரலாம். வந்தா 600 போகும்னு சொல்றாங்க.

4:23 மஞ்சக்குப்பம் பெரியப்பா: யார் சொல்றாங்க?

4:24 தம்பி: டெலிகிராம்ல ஒரு சேனல் பெரியப்பா

4:26 நான்: அவங்களுக்கு ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கிற செபியோட ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் இருக்காடா? ரிசர்ச் அனலிஸ்ட்னா ஐஎன்எச்-னு ஆரம்பிக்கும். செபி சைட்லயே போட்டுப் பாக்கலாம்.

4:26 தம்பி: பாக்கலக்கா

4:48 மஞ்சக்குப்பம் பெரியப்பா: தம்பி, நான் 2004ல பயோகான் மருந்து கம்பெனி முதல் தடவையா ஷேர் வித்த ஐபிஓ 315 ரூபாய்க்கு வந்தப்பவே அப்ளை பண்ணவன். 2008ல ஒரு ஷேருக்கு இன்னொரு ஷேர் இலவசமா போனஸ். 2017ல ஒண்ணுக்கு ரெண்டு. 2019ல மறுபடி ஒண்ணுக்கு ஒண்ணு. அன்னைக்கு 10 ஷேர் கெடைச்சவனுக்கு இப்ப 120 ஷேர். ஆனா அதே ஷேர் 2020 கடைசியில 480 தாண்டிட்டு, 2023 மார்ச்ல 200 கிட்ட வந்து நின்னுச்சி. நான் விக்கல. ஏன்னா அது என் பென்ஷனுக்கு மேல இருக்கற காசு, அதை எடுத்து ஒரு செலவும் ஆகவேண்டியதில்ல. அந்த கம்பெனிக்கு இன்சுலின், பயோசிமிலர்ங்கற உயிரி மருந்து நகல்னு வித்து வர்ற வருமானமும் இருக்கு. உன் கம்பெனிக்கு வருமானம் எதுலேர்ந்து வருது?

4:55 தம்பி: இப்போதைக்கு பெருசா இல்ல பெரியப்பா. இந்த மருந்துதான் எல்லாம்.

5:02 மஞ்சக்குப்பம் பெரியப்பா: பாதியாவது வித்துடு.

5:40 சிப்காட் சித்தப்பா: ஷிப்ட்ல இருக்கேன், அப்புறம் விவரமா பேசறேன். அண்ணன் சொல்றதக் கேளு.

இரவு 10:20 தம்பி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

10:26 தம்பி: அக்கா முழிச்சிருக்கியா

10:26 தம்பி: எக்ஸ்சேஞ்சுல கம்பெனி அறிவிப்பு போட்டுட்டாங்க. ட்ரையல் முக்கிய இலக்கை எட்டலையாம்.

10:34 நான்: படிச்சேன்டா. மருந்து போட்டுக்கிட்டவங்களுக்கும் மருந்தில்லாத சும்மா ஊசி போட்டுக்கிட்டவங்களுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லன்னு இருக்கு. மத்ததெல்லாம் பூசி மெழுகியிருக்காங்க. நாலாவது பக்கம் பாரு, அங்கதான் இருக்கு.

10:36 தம்பி: 340க்கு எறங்கினா தானா விக்கற மாதிரி ஸ்டாப்லாஸ் போட்டு வச்சிருக்கேன். அதுலயே வெளிய வந்துடுவேன்.

வெள்ளி

காலை 9:05 தம்பி: மார்க்கெட் தொறக்கறதுக்கு முன்னாடி, ப்ரீ ஓப்பன்லயே 310.40 காட்டுது

9:16 தம்பி: வாங்கற பக்கம் 0. விக்கற பக்கம் 11 லட்சத்துக்கு மேல நிக்குது.

9:16 தம்பி: ஸ்டாப்லாஸ் என்ன ஆச்சின்னே தெரியல

9:24 நான்: ஆபீஸ் வாசல்ல நின்னு டைப் பண்றேன், கவனமா படி. நேத்து 388. இந்த ஷேருக்கு ஒரு நாளைக்கு 20% தான் எறங்க விடுவாங்க, அதான் 310.40. நீ 340 தொட்டா ஆர்டர் கெளம்பற மாதிரி ட்ரிகர் வச்சி, 338க்கு கொறையாம விக்கச் சொல்லியிருக்க. ட்ரிகர் ஆயிடுச்சி, ஆனா 338 குடுத்து வாங்க ஊர்ல யாரும் இல்ல. உன் ஆர்டர் அங்கயே தொங்குது. அதை கேன்சல் பண்ணிட்டு 310.40க்கு போடு. போட்டாலும் உனக்கு முன்னாடி 9 மணிக்கே போட்டவங்கதான் வரிசையில முதல்ல.

9:31 தம்பி: போட்டுட்டேன்

மதியம் 3:32 தம்பி: ஒண்ணு கூட போகலக்கா

3:40 லாஸ்பேட்டை அத்தை: மனச விடாதடா. லாபம் கொறைஞ்சிருக்கு, அவ்ளோதானே? 210க்கு வாங்கினது இன்னும் 310ல இருக்கே.

3:58 தம்பி: அது இல்ல அத்தை

இதுக்கு அப்புறம் அவன் அஞ்சு மணி நேரம் குரூப்ல வரல. போன் போட்டேன், எடுக்கல.

இரவு 9:10 தம்பி: எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்லணும். ரெண்டு வாரம் முன்னாடி 375ல இன்னொரு 400 ஷேர் வாங்கினேன். ஒன்றரை லட்சம். அம்மாவோட ரெண்டு வளையலையும் பேங்க்ல வச்சி எடுத்த காசு. வண்டி வாங்கன்னு அம்மாகிட்ட சொல்லி வாங்கினேன். மன்னிச்சிடும்மா.

9:11 தம்பி: மொத்தம் 800 ஷேர். 2,34,000 ரூபா. ஆவரேஜ் 292.50.

9:30 அம்மா: தானே புயல்ல முந்திரி தோப்பு பூரா சாஞ்சி கெடந்தப்ப கூட உங்கப்பா அந்த வளையல வைக்கல. கேட்டா நானே குடுத்துருப்பேன் அப்ப. வேணான்னுட்டாரு.

9:31 அம்மா: நீ சாப்பிட்டுட்டுத் தூங்கு. காலையில பேசிக்கலாம்.

ஞாயிறு

காலை 8:15 சிப்காட் சித்தப்பா: நேத்து டபுள் ஷிப்ட், இன்னைக்கித்தான் வீட்ல இருக்கேன். நான் மருந்து ஃபேக்டரி குவாலிட்டியில 19 வருஷம் இருக்கேன், ஒரு தடவை கூட உன்கிட்ட இதைப் பேசாம போயிட்டேன். அது என் தப்பு. மனுஷங்க மேல சோதனை ஆரம்பிக்கிற மருந்துல பத்துக்கு ஒண்ணுதான் கடைசியா அனுமதி வாங்குது. மீதி எல்லாம் வழியிலயே நின்னுடும். நல்ல படிப்பு படிச்சவங்க, ராப்பகலா வேலை செஞ்சவங்க கண்டுபிடிச்சதுதான் அதெல்லாம். உடம்பு எப்படி ஏத்துக்கும்னு ட்ரையல் முடியற வரைக்கும் அவங்களுக்கே தெரியாது.

8:22 சிப்காட் சித்தப்பா: ட்ரையல் ஜெயிச்சாலும் ஃபேக்டரி ஜெயிக்கணும். அமெரிக்காவுக்கு அனுப்பணும்னா அந்த நாட்டு மருந்துத் துறை எஃப்டிஏ ஆளுங்க வருவாங்க. எங்க ஆடிட் ஒண்ணுல ஒருத்தர் லாக்புக்ல ஒரே ஒரு வரியில நின்னுட்டார். தராசு ரீடிங்க அடிச்சிட்டு பக்கத்துல வேற எழுதியிருக்கு. அடிச்சவன் கையெழுத்து இருக்கு, தேதி இல்ல. அந்த ஒரு தேதிக்காக அந்த மாசத்து பேட்ச் ரெக்கார்டு மொத்தத்தையும் மேசைக்கு கொண்டாரச் சொன்னார். நாங்க வீட்டுக்குப் போறப்ப மணி பத்து. இந்த மாதிரி குறையெல்லாம் ஃபார்ம் 483ல எழுதிக் குடுத்துட்டுப் போவாங்க. 15 வேலை நாளுக்குள்ள பதில் அனுப்பணும். பதில் சரியில்லன்னா வார்னிங் லெட்டர் வரும். அந்த லெட்டர் வர்ற அன்னைக்கு ஷேர் என்ன ஆவும்னு நீயே பாத்துக்க. ஃபேக்டரி கேட்டுக்கு உள்ள நடக்கறது இது. வெளியில இருந்து ஷேர் வாங்கறவன் கண்ணுக்கு இதெல்லாம் படாது.

9:40 லாஸ்பேட்டை அத்தை: என் விரல் மொளியெல்லாம் காலையில வீங்கிக்குது. புது ஊசி வருதுன்னு இவன் சொன்னப்போ நானும் மணக்குள விநாயகர்கிட்ட வேண்டிக்கிட்டேன். அந்த ட்ரையல்ல வலியோட போய் ஊசி போட்டுக்கிட்டவங்களையும் நெனைச்சிக்கிறேன்.

மதியம் 1:50 பிரான்ஸ் மாமா: இப்பத்தான் எல்லாத்தையும் படிச்சேன். மாப்ள, நீ ஒருத்தன் மட்டும் இல்ல. இங்க நான்ட்ங்கற ஊர் பக்கம் வால்நேவான்னு ஒரு தடுப்பூசி கம்பெனி. 2021 செப்டம்பர் 13, திங்கக்கிழமை. கொரோனா ஊசி ஒப்பந்தத்தை பிரிட்டன் அரசு ரத்து பண்ணிடுச்சின்னு செய்தி. அன்னைக்கு ஒரே நாள்ல 40% கிட்ட எறங்குச்சி. நம்ம ஊரு மாதிரி நாளுக்கு 20%னு வேலி இங்க கெடையாது.

1:58 பிரான்ஸ் மாமா: அமெரிக்காவுல நோவாவாக்ஸ்னு கொரோனா ஊசி கம்பெனி. 2020 தொடக்கத்துல 4 டாலர். 2021 பிப்ரவரியில 300 டாலர் தாண்டுச்சி. 2023ல 10 டாலருக்கும் கீழ. இத்தனைக்கும் அந்த மருந்து தோக்கல. 2021 ஜூன்ல 90% பலன்னு ரிசல்ட் வந்துச்சி. தயாரிப்பை ஒழுங்குபண்ணி அமெரிக்க அனுமதி வாங்கறதுக்குள்ள 2022 ஜூலை ஆயிடுச்சி. அதுக்குள்ள ஜனங்க வேற ஊசி போட்டு முடிச்சிட்டாங்க. சித்தப்பா சொன்ன ஃபேக்டரி விஷயம்தான்.

2:05 மஞ்சக்குப்பம் பெரியப்பா: புனே சீரம் இன்ஸ்டிடியூட் கோவோவாக்ஸ்னு போட்டது அதுதானே?

2:06 பிரான்ஸ் மாமா: அதேதான்

செவ்வாய்

காலை 9:20 தம்பி: நேத்து 10% எறங்கி 279.40. இன்னைக்கு 251.50. ரெண்டு நாளும் பூட்டு, வாங்க ஆளில்லாம விக்க முடியல. ஒரு நாளைக்கு எறங்க விடற பேண்ட 20%லேர்ந்து 10% ஆக்கிட்டாங்க.

9:22 தம்பி: அக்கா, ஒரு யோசனை. 251.50ல இன்னொரு 400 வாங்கினா ஆவரேஜ் 279 கிட்ட வந்துடும். பெர்சனல் லோன் ஒரு லட்சம் தர்றேன்னு மெசேஜ் வந்துருக்கு. சேனல்லயும் இதான் அடிமட்ட விலைன்னு சொல்றாங்க.

9:25 நான்: வாங்கிடாத.

9:37 நான்: போன்ல பேசினா கத்திடுவேன், அதான் எழுதறேன். வியாழக்கிழமை பெரியப்பா கேட்டதுக்கு "இந்த மருந்துதான் எல்லாம்"னு நீயேதான் சொன்ன. அந்த மருந்து போயிடுச்சி. 210க்கு வாங்கினப்ப நீ எதை நம்பி வாங்கினியோ அது இப்ப அந்த கம்பெனியில இல்ல. உன் ஆவரேஜ் 279 ஆனா ஷேருக்கு என்னடா தெரியும்? முதல் 84,000 உன் சம்பளக் காசு. அதை நீ பத்து வருஷம் வச்சிரு, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வளையல் காசு அப்படி இல்ல. அது மாசா மாசம் வட்டி கேக்குது. பெர்சனல் லோன் அதைவிட அதிகமா கேக்கும். இந்த மாதிரி ஷேர்ல ராத்திரி பத்து மணிக்கு ஒரு பேப்பர் வந்தா காலையில கதவு சாத்தியிருக்கும், வெளிய வர முடியாதுன்னு மூணு நாளா கண்ணால பாத்துட்ட. கடன் வாங்கின காசை அந்தக் கதவுக்குள்ள வைக்காத. முதல்ல வளையலுக்கு வேண்டியதை வெளிய எடு. அது மட்டும் போதும் எனக்கு.

9:41 மஞ்சக்குப்பம் பெரியப்பா: அக்கா சொல்றது சரி. நாளைக்கு காலையில 9 மணிக்கு என்கூட போன்லயே இரு. சேர்ந்து போடுவோம்.

9:58 தம்பி: சரி பெரியப்பா. லோன் வேணான்னு சொல்லிட்டேன். சேனலை விட்டும் வெளிய வந்துட்டேன்.

புதன்

காலை 9:17 தம்பி: 226.35ல ஓப்பன் ஆச்சி. ஆனா வாங்கறவங்க வந்துருக்காங்க. ஓடுது.

9:26 தம்பி: 660 ஷேர் 231ல போயிடுச்சி. 1,52,460.

9:27 மஞ்சக்குப்பம் பெரியப்பா: 👍 பையன் கை நடுங்கினது போன்லயே தெரிஞ்சிது. போட்டுட்டான்.

9:35 நான்: நாளைக்கு கணக்குல வந்துடும், வெள்ளிக்கிழமைக்குள்ள பேங்குக்கு மாத்திடு. மீதி 140 ஷேர் உன் இஷ்டம்.

9:52 நான்: வரிக் கணக்கையும் சொல்லிடறேன், பின்னாடி கொழம்பாத. ஷேர் வச்சிருக்கற டீமேட் கணக்குல முதல்ல வாங்கினதுதான் முதல்ல வித்ததா எடுத்துக்குவாங்க. அதனால 210க்கு வாங்கின 400ம் போயிடுச்சி, அதுல 8,400 லாபம். 375க்கு வாங்கினதுல 260 போயிருக்கு, அதுல 37,440 நஷ்டம். நிகரம் 29,040 நஷ்டம், செலவு தனி. உன்கிட்ட மிச்சம் இருக்கற 140ம் 375 ரூபா ஷேர்தான். இந்த நஷ்டத்தை எட்டு வருஷம் வரைக்கும் வர்ற லாபத்துல கழிச்சிக்கலாம். ஆனா கெடு தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டாதான். அதை நானே போடறேன்.

10:01 தம்பி: சரிக்கா

சனி

மதியம் 12:15 தம்பி: முதல் சனிக்கிழமைங்கறதால பேங்க் இருந்துச்சி. லோன் அடைச்சிட்டேன், வட்டி ஆயிரத்துக்குள்ளதான். வளையல அத்தைகிட்ட குடுத்திருக்கேன். நேர்ல வர்றதுக்கு ஒரு மாதிரி இருக்கு.

2:40 லாஸ்பேட்டை அத்தை: ரெட்டிச்சாவடி தாண்டிட்டேன் அண்ணி. பையை மடியிலயே வச்சிருக்கேன்.

மாலை 6:30 நான்: டேய், வாங்கினது ரெண்டு, வித்தது ஒண்ணு, மூணுக்கும் ப்ரோக்கர் குடுத்த கான்ட்ராக்ட் நோட் பிடிஎஃப் அனுப்பு. இன்னைக்கே.

6:44 தம்பி: (3 பிடிஎஃப்)

இரவு 8:05 அம்மா: (படம்)

8:06 அம்மா: லோன் நம்பர் எழுதின சீட்டு இன்னும் நூல்ல கட்டினபடியே இருக்கு. கத்திரிக்கோல் எடுத்தேன், அப்புறம் வச்சிட்டேன். நாளைக்கு காலையில வந்து நீயே அவுத்துக் குடு. சங்கரா மீன் வாங்கச் சொல்லியிருக்கேன்.

8:09 தம்பி: முதல் பஸ்ஸுக்கே வந்துடறேம்மா