பிக்பூல் குடித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முதலில் என் கதை. பாரிஸில் ஒரு பாரில் பிக்பூல் த பினே என்ற தென் பிரான்சு வெள்ளை ஒயினை ஊற்றிக் கொடுத்தார்கள். தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. முதல் மடக்கிலேயே பல் கூசியது. எலுமிச்சை பிழிந்த தண்ணீருக்கா இவ்வளவு காசு என்று முணுமுணுத்துவிட்டு அதை மறந்தே போனேன்.

இரண்டு வருடம் கழித்து ஜூன் மாதம் தென் பிரான்சில் உள்ள செத் நகரத்துப் பக்கம் போனோம். அங்கே கடலை ஒட்டி தோ என்ற பெரிய உப்பங்கழி இருக்கிறது, சுமார் 20 கிலோமீட்டர் நீளம். அதன் கரையில் உள்ள பூஸீக் ஊர் சிப்பிக்குப் பேர்போனது. மத்தியதரைக் கடலில் ஓதம் ஏறுவதும் வற்றுவதும் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். அதனால் சிப்பிகளைச் சிமெண்டு வைத்துக் கயிற்றில் ஒவ்வொன்றாக ஒட்டித் தண்ணீருக்குள் தொங்க விடுகிறார்கள். சிப்பி வளர்ப்பவர்களே நடத்தும் ஒரு கொட்டகையில் உட்கார்ந்து ஒரு டஜன் கேட்டோம். கூடவே பிக்பூல் வந்தது. எனக்கு வேண்டாம், எலுமிச்சை மட்டும் கொடுங்கள் என்றேன். பரிமாறிய அம்மா எலுமிச்சையைத் தட்டின் ஓரமாகத் தள்ளிவிட்டு, "முதலில் பிழியாமல் ஒன்று சாப்பிட்டு, ஒரு வாய் குடியுங்கள்" என்றார்.

பாரிஸில் பல்லைக் கூச வைத்த அதே புளிப்பு இங்கே எலுமிச்சையின் வேலையைச் செய்தது. சிப்பியின் உப்பும் கொழகொழப்பும் ஒரே மடக்கில் கழுவிப் போய், அடுத்ததற்கு நாக்கு தயாராகிவிட்டது. எலுமிச்சை கடைசிவரை தட்டிலேயே கிடந்தது. பிக்பூல் என்றால் உதட்டைக் கொட்டுவது என்று அங்கே பெயருக்கு விளக்கம் சொல்கிறார்கள். அவ்வளவு வெயிலிலும் புளிப்பை விட்டுக்கொடுக்காத திராட்சை அது. கழியைச் சுற்றியுள்ள பினே, மேஸ், பொமெரோல் போன்ற ஆறு ஊர்களில்தான் இந்த ஒயின் தயாராகிறது. வேறு திராட்சை எதையும் கலக்கக் கூடாது. 2013-இல் தனி அப்பெல்லாசியோன் (விளையும் இடத்தின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு) அந்தஸ்தும் கிடைத்தது.

*

என் பதில்: நான் இருப்பது செத்துக்குப் பக்கத்திலுள்ள மோன்பெலியே நகரத்தில். சிப்பி பிடிக்காதவர்கள் செத்தின் தியெல் சாப்பிட்டுப் பாருங்கள். பேய்க்கணவாயைக் காரமான தக்காளி மசாலாவில் வேகவைத்து, மாவுக்குள் அடைத்துச் சுட்ட வட்டமான பை. இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த பண்டம். அப்புறம் ப்ராசுகாத்: திராட்சைக் கொடிச் சுள்ளியை எரித்து அதன் மேல் மட்டியை வாட்டுவது. இரண்டுக்கும் பிக்பூல் கச்சிதம். ஆட்டுப்பால் சீஸுக்கும் சரிப்படும்.

வீட்டில் நெத்திலி வறுவலோடு குடித்தோம், மிளகாய்த்தூளைக் குறைத்துப் போட்டு. பிரமாதம். அந்தத் தைரியத்தில் மறுவாரம் புளி கரைத்த மீன் குழம்போடு வைத்தேன். புளிப்போடு புளிப்பு மோதி, ஒயினும் வீண், குழம்பும் வீண்.

*

என் தப்பையும் எழுதிவிடுகிறேன். பழசானால் ருசி கூடும் என்று நம்பி நாலு பாட்டிலை ஐந்து வருடம் அலமாரியில் பூட்டி வைத்தேன். திறந்தால் உயிரே இல்லை. மட்டி வேகவைக்கத்தான் ஆயிற்று. இதை அறுவடையான ஓரிரு வருடத்துக்குள் 8 முதல் 10 டிகிரிக்குக் குளிர வைத்துக் குடித்துவிட வேண்டுமாம். கடையில் தேடுபவர்களுக்கு: பெரும்பாலும் ஒல்லியான, உயரமான பச்சை பாட்டிலில் வரும். அந்தப் பாட்டிலுக்கு நெப்டியூன் என்று பெயர்.

*

மேலே எழுதியவர் வருத்தப்பட வேண்டாம், இந்தத் திராட்சைக்கு வயதாகும் வழியும் ஒன்று உண்டு. அதே கழியின் கரையில் மார்செயான் ஊரில் நுவாயி பிரா என்ற வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்) தயாரிக்கிறார்கள். பிக்பூல், கிளேரெத் திராட்சை ஒயின்களை ஓக் பீப்பாயில் ஊற்றி, வெட்டவெளியில் ஒரு வருடம் வெயிலிலும் மழையிலும் போட்டு வைக்கிறார்கள். சுற்றிப் பார்க்க விடுகிறார்கள். கோடையில் போனால் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் அந்த முற்றத்தில் நிற்க முடியாது.