புதுப்பிப்பு: பெங்களூரு மாடி சோலார், மூன்று கொட்டேஷனில் எதை எடுத்தோம்

ஜெயநகர் வீட்டுக்கு 3 கிலோவாட் சோலார் போட வந்த மூன்று கொட்டேஷனில் எதை எடுக்கலாம் என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. பேனல் ஏறி, நெட் மீட்டரும் (கிரிட்டிலிருந்து எடுப்பது, கிரிட்டுக்குக் கொடுப்பது இரண்டையும் கணக்கிடும் மீட்டர்) மாட்டியாச்சு.

கைகொடுத்தது, "மானியத்தைக் கழிக்காமல் ஒரு வாட்டுக்கு எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள்" என்ற யோசனைதான். மலிவாகத் தெரிந்த 1,20,000 ரூபாய் கொட்டேஷனில், பிஎம் சூர்ய கர் என்ற மத்திய அரசின் வீட்டு மாடி சோலார் திட்டத்தில் வரும் 78,000 மானியம் முன்கூட்டியே கழிக்கப்பட்டிருந்தது. உண்மை விலை 1,98,000, அதாவது வாட்டுக்கு 66 ரூபாய். மானியம் பிறகு நம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். முழுத்தொகையை முதலில் நாம்தான் புரட்ட வேண்டும். இன்னொன்றில் வாட்டுக்கு 56 ரூபாய்தான், ஆனால் பேனல் டிசிஆர் (செல்லும் பேனலும் இந்தியாவிலேயே செய்தது) இல்லை. பிஎம் சூர்ய கர் மானியம் அதற்குக் கிடைக்காது. எடுத்தது 540 வாட் டிசிஆர் பேனல் 6, மொத்தம் 3.24 கிலோவாட், 1,92,000 ரூபாய். வாட்டுக்கு 59 சொச்சம்.

பழைய கொட்டேஷனை அப்படியே ஏற்காதீர்கள். ஒன்றில் ஜிஎஸ்டி 13.8 சதவீதம் என்றிருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 8.9தான் (விலையில் பொருளுக்கான 70 பங்குக்கு 5 சதவீதம், வேலைக்கான 30 பங்குக்கு 18 சதவீதம்).

எதிர்பாராத சிக்கல் பேனலைத் தாங்கும் ஸ்டாண்டில் வந்தது. ஜிஐ பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) மாடியிலேயே அறுத்து, வெட்டிய முனையில் வெறும் சில்வர் பெயிண்ட் அடித்தார்கள். அறுத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடும், துரு அங்கிருந்துதான் ஏறும். ஜிங்க் ரிச் பெயிண்ட் இரண்டு கோட் அடிக்க வைத்து, முனைக்கு மூடியும் போட்ட பிறகே கடைசித் தவணை கொடுத்தோம். இதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.