கோயிலுக்கு செயல் அலுவலர் போடுவது எந்தப் பிரிவில் வருகிறது?

குமரிக்கரை:
அரசமைப்பின் முகவுரையில் ‘சமயச்சார்பற்ற’ என்று இருக்கிறது. ஆனால் கோயிலுக்கு செயல் அலுவலரை அரசுதான் போடுகிறது. எந்தப் பிரிவை வைத்து? ஒரு மதத்தை வளர்க்க வரி கட்டச்சொல்லக் கூடாது என்கிற பிரிவு 27 இருக்கும்போது அரசுப் பணம் கோயிலுக்குப் போகலாமா?

சட்டக்கட்டு:
முகவுரையை விடுங்க, அந்தச் சொல் 1976-ல 42-ஆவது திருத்தத்துல வந்தது. பிடி மதச் சுதந்திரம் பத்திச் சொல்ற 25, 26-லதான் இருக்கு. 26(பி)-யையும் (டி)-யையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க. சமய விவகாரத்தை நடத்திக்கிறதுக்குப் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம்தான் வரம்பு. சொத்து நிர்வாகத்துக்கு வரும்போது மட்டும் ‘சட்டப்படி’ங்கிற வார்த்தை கூடுதலா வரும். அறநிலையத்துறை நிக்கிறது அந்த ஒரு வார்த்தை மேலேயும், மதத்தோட சேர்ந்த பணம், நிர்வாகம் மாதிரி உலகியல் விஷயங்களை அரசு ஒழுங்குபடுத்தலாம்ங்கிற 25(2)(ஏ) மேலேயும்தான். உண்டியல் கணக்கு, குத்தகை பாக்கி, நகைப் பதிவேடு கேட்கலாம்; எந்த மந்திரம் சொல்லணும்னு சொல்ல முடியாது. நடுவுல மாட்டிக்கிட்டது அர்ச்சகர் நியமனம். சேஷம்மாள் வழக்குல (1972) நியமிக்கிறது உலகியல் (சமயம் சாராத) செயல்னாங்க. ஆனா ஆகமத்தை (கோயில் வழிபாட்டு விதிகளை) மீறக்கூடாதுன்னும் சொன்னாங்க. ரெண்டு தரப்பும் அதே தீர்ப்பைத் தூக்கிட்டு வர்றது இதனாலதான்.

வழக்குமேசை:
ஒரு திருத்தம். 26 எல்லாக் கோயிலுக்கும் தானாகக் கிடைக்காது, சமயப் பிரிவுக்குத்தான். பொதுவான நம்பிக்கை, பொதுவான அமைப்பு, தனிப் பெயர் ஆகிய மூன்றையும் காட்ட வேண்டும். பல மனுக்கள் இங்கேதான் சாய்கின்றன: 26 என்று எழுதிவிட்டு, தாங்கள் ஒரு சமயப் பிரிவு என்பதற்கு ஆவணம் வைப்பதில்லை. சிதம்பரம் தீட்சிதர்கள் ஒரு சமயப் பிரிவு என்று 1951-லேயே சாதகமான தீர்ப்பு இருந்தது, அது 2014-ல் கைகொடுத்தது. சீர்கேட்டைச் சரிசெய்ய நிர்வாகத்தை எடுக்கலாம், சரியானதும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். காலவரம்பு இல்லாத நியமன ஆணை என்றால் முதலில் அதைத்தான் தாக்க வேண்டும்.

தொகுநிதி:
27 தடுப்பது, ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட வரியை. பொது வருவாயிலிருந்து கொஞ்சம் போவதை அல்ல. ஷிரூர் மடம் வழக்கில் (1954) கோயில்கள் அரசுக்குக் கட்டவேண்டிய பங்குத்தொகை செல்லாது என்று ஆனதும் 27-ஆல் இல்லை. அது கட்டணமல்ல, வரி, மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்பதால்தான்.

குமரிக்கரை, உங்கள் பெயரைப் பார்த்ததும் சொல்லத் தோன்றுகிறது: 290ஏ படித்தீர்களா? 1956 நவம்பர் 1-இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து வந்த பகுதிகளின் கோயில்களுக்கு ஆண்டுக்கு 13.5 லட்சம் ரூபாய் தமிழ்நாடு தரவேண்டும் என்று அரசமைப்பே எழுதிவைத்திருக்கிறது. கேரளம் தரவேண்டியது 46.5 லட்சம்.

குமரிக்கரை:
அந்தப் பணம் வேண்டாம் என்று சட்டமன்றம் வாக்களித்தால்?

தொகுநிதி:
வாக்கெடுப்புக்கே வராது. மாநிலத்தின் தொகுநிதி (அரசு வருவாய் சேரும் பொதுக் கணக்கு) மீது சாற்றப்பட்ட, அதாவது கட்டாயமாக்கப்பட்ட செலவு அது, பேசலாம், அவ்வளவுதான்.