எல்லாப் பதுங்கிடமும் குழி அன்று

நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டனை வானூர்தியிலிருந்து எடுத்த வான்படங்களில், குண்டுவீச்சின்போது மக்கள் ஒதுங்கிய ‘ஏர் ரெய்டு ஷெல்டர்’களை இனங்காணும் முறை பற்றிய கட்டுரையில், அச்சொல்லை எங்கும் ‘பதுங்கு குழி’ என்றே ஆளலாம் என்ற முன்மொழிவைப் படித்தேன். ஈழத்தமிழர் பட்டறிவில் ஊறிய அச்சொல்லின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் அதைப் பொதுச்சொல்லாக்க வேண்டாம் என்பதே என் கருத்து. வான்படத்தை ஆராய்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியதே, தாம் காண்பது குழியா, தரைக்கு மேல் எழுந்த கட்டடமா என்பதுதான்.

தெருக்களில் செங்கற்சுவரும் கான்கிரீட் கூரையுமாகக் கட்டப்பட்டவை, படத்தில் வெளிறிய செவ்வகமாகத் தெரிந்து, பக்கத்தில் கூர்மையான நிழலை வீழ்த்துகின்றன. பூங்காக்களிலும் பள்ளித் திடல்களிலும் வெட்டப்பட்ட அகழிகளோ, குண்டதிர்ச்சி நேராகப் பாய்ந்துவிடாதபடி அடிக்கடி மடிந்து திரும்பும் கோடுகளாகத் தெரிகின்றன. 1938இல் வடிவமைக்கப்பட்ட ஆண்டர்சன் வகை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது: நெளிதகட்டு வளைவைத் தோட்டத்தில் பாதிக்கு மேல் புதைத்து, மேலே மண் மூடுவார்கள். ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள அது 1:10,000 அளவுப் படத்தில் 0.2 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுவதால், ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுக்கப்பட்ட இணைப்படங்களை முப்பரிமாணத்தில் பார்த்தால்தான் அந்தச் சிறு மண்மேடு புலப்பட வாய்ப்புண்டு. 1941இல் வந்த மாரிசன் வகை வீட்டுக்குள் வைக்கும் எஃகுக் கூண்டு. வான்படத்தில் அதற்கு இடமே இல்லை.

ஆகவே பொதுச்சொல்லாக ‘பதுங்கிடம்’ என்பதையும், அதன் வகைகளாக ‘பதுங்கறை’ (சுவரெழுப்பிக் கட்டியது), ‘பதுங்கு குழி’ (அகழ்ந்தது), ‘பதுங்கு கூண்டு’ என்பனவற்றையும் முன்வைக்கிறேன். ஆண்டர்சன் வகையும் மண்ணைத் தோண்டி அமைத்ததே என்பதால் அதைக் குழியோடு சேர்க்கலாம். ‘புகலிடம்’ இன்று அகதிகளுக்கான தஞ்சத்தையே குறிப்பதால் பொருந்தாது. ‘பதுங்கிடம்’ குற்றவாளிகள் ஒளியும் இடத்தையும் நினைவூட்டும் என்பது நியாயமான மறுப்பே; சொல் முதன்முதலில் வரும் இடத்தில் ‘வான்தாக்குதல் பதுங்கிடம்’ என்று முழுமையாக எழுதிவிட்டால் அக்குழப்பம் நேராது.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. மண்ணுக்கடியில் எஞ்சிய கான்கிரீட்டின் மேலுள்ள புல், கடுங்கோடையில் சுற்றியுள்ள புல்லுக்கு முன்பே காய்ந்து, பழைய அகழியின் வடிவத்தை அப்படியே காட்டிவிடும். இதனைப் ‘பயிர்த்தடம்’ என்பதைவிட ‘வாட்டத் தடம்’ என்பது காரணத்தோடு பொருந்துகிறது.